சாமிக்கு நேர்ந்துவிட்ட நோஞ்சான் குஞ்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே இருபது வருஷம் ஆகப்போகிறது. இரண்டு தடவை இதற்கென்று நோட்டு வாங்கினேன். ஒன்றில் மார்கழிக் கோலங்களைப் போட்டுப் பழகித் தீர்த்தேன். இன்னொன்றில் ஊறுகாய் பக்குவம் எழுதினேன். நான் படித்தது எட்டாவது. எழுத்து வராது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது காரணமில்லை. சாமி சம்பந்தப்பட்டது, வாயைத் திறந்தால் குற்றமாகிவிடும் என்று பயந்தேன். சாமிக்குப் பயந்தேனா, என் நாத்தனாருக்குப் பயந்தேனா என்று இன்று யாராவது கேட்டால் கொஞ்சம் திணறத்தான் செய்வேன்.

சாமி இல்லை என்கிற கட்சி நானில்லை. உறையூரில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமை வெக்காளியம்மனைப் பார்க்காமல் அடுப்பு மூட்டியதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் வாயில் தண்ணீர் படும். எங்கள் வீட்டுக்காரரின் குலதெய்வம் மணப்பாறைக்கு அப்பால் ஒரு காட்டுக்குள் இருக்கும் கருப்பு. அவருக்கும் வருஷம் ஒரு தடவை பொங்கல் வைப்போம். இவ்வளவையும் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

என் நாத்தனார் எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்தவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஐயங்கார் வீட்டு மாடியில் குடியிருந்தார். கீழே இருக்கும் மாமி மாடியில் வெங்காயம் வதக்கினாலே ஜன்னலைச் சாத்துகிறவர். முட்டை ஓடு ஒன்று குப்பையில் தெரிந்தாலும் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். அதனால் அங்கே நாத்தனார் சுத்த சைவம். மாமியிடம், “எங்களுக்குக் கவிச்சி வாடையே ஆகாது மாமி” என்று இவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படி வாடை ஆகாதவர் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ஏறி இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசற்படியில் கால் வைக்கும்போதே ஆரம்பமாகிவிடும்.

“என்னம்மா, குழம்பு வாசம் தெருமுனைக்கே வருது! ஈரலைத் தனியா எடுத்து வச்சியா?”

“வச்சிருக்கேன், வாங்க அண்ணி. வாங்கண்ணே.”

சாப்பிட்டு முடித்ததும் வாயைப் பத்துத் தரம் கொப்பளித்து, கிராம்பு மென்று, முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குச் சைவமாகத் திரும்பிப் போவார்கள். அந்த இரண்டு பேரின் பக்தியைப் பற்றித்தான் நான் இருபது வருஷமாக வாய் திறக்காமல் இருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். என் ஒரே பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. அந்த வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, துணி மாதிரி துவண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கும் போனோம், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம், வெக்காளியம்மன் வாசலிலும் கிடந்தேன். பிழைத்து எழுந்தாள். அவள் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

“நான்தான் கருப்புக்கு வேண்டிக்கிட்டேன். அதான் புள்ள பொழச்சுது. வீட்டுலயே அடை வச்சுப் பொரிச்ச சேவக்கோழி ஒண்ணு, கன்னங்கரேல்னு. கோயில்ல கொண்டுபோயி அறுத்துப் பொங்கல் வச்சுடணும்.”

“ரொம்ப சந்தோஷங்க அண்ணி. எப்ப அடை வைக்கப் போறீங்க?” என்றேன்.

“நானா? நல்லாருக்கே! எங்க மாடில கோழி கத்துனா மாமி மறுநாளே சாமானைத் தூக்கித் தெருவுல வச்சுடும். வேண்டுனது நானு, செலுத்த வேண்டியது நீங்க. புள்ள உங்க புள்ளதானே?”

எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெரியகடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்கக் கஜக்கோல் வைத்து அளந்து துணி கிழிக்கிற கை. வீட்டுக்கு வந்தால் அந்தக் கைக்கு அக்கா சொல்லாமல் ஒரு டம்ளரை நகர்த்தத் தைரியம் வராது. “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எங்கள் வீட்டுச் சாம்பல் கோழி அடைக்குப் படுத்தபோது கூடையில் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, பதினோரு முட்டை வைத்தேன். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் சொருகி வைப்பது வழக்கம். அதையும் செய்தேன். இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அவர்கள் வந்து இறங்குவதற்குள் எட்டுக் குஞ்சு வெளியே வந்து, காய்ந்து, பந்து பந்தாகக் கோழியின் இறக்கைக்குள் நுழைந்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் முதல் நாளே ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு, வர முடியாமல் உள்ளேயே முனகிக்கொண்டு கிடந்தது.

இப்படி நேர்ந்துவிடுவதில் எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. பொரித்த அன்றைக்கே குஞ்சின் வலது காலில் மஞ்சள் நூல் கட்டி, கருப்பைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். கட்டிவிட்டால் அந்தக் குஞ்சு சாமியுடையது. வேறு குஞ்சை மாற்றக்கூடாது, நூலையும் அவிழ்க்கக்கூடாது.

“முதல்ல சாமி காரியம், அப்பறம் சோறு” என்று நாத்தனார் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தார். காய்ந்த குஞ்சுகள் மஞ்சளும் பழுப்புமாக ஓடின. ஓட்டுக்குள் கிடந்தது ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அருள் வந்துவிட்டது. “இந்தா இருக்காரு பாரு கருப்பு!” என்று முட்டையைக் கையில் எடுத்து, மிச்ச ஓட்டை நகத்தால் உரித்துப் போட்டார். தானாக வரவேண்டியதை அப்படி உரித்தால் ரத்தம் வரும். வந்தது. தொப்புள்கூட மூடவில்லை.

“அண்ணி, ஈரத்துல எல்லாமே கறுப்பாத்தாங்க தெரியும். காயட்டும், நாளைக்குப் பாத்துக் கட்டுவோமே” என்றேன்.

“நீ நேத்து வந்தவ, எனக்கு எங்க குலதெய்வத்தைப் பத்திச் சொல்றியா?”

அவர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “கண்ணுலயே ஒரு தேஜஸ் இருக்கும்மா!” என்றார். குஞ்சு இன்னும் கண்ணே திறக்கவில்லை.

மஞ்சளில் நனைத்த நூலை அந்தக் குச்சிக் காலில் சுற்றி, மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டார். பிறகு கை கழுவிவிட்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இங்கே குஞ்சு நடுங்கிக்கொண்டு கிடந்தது, அங்கே கழுத்து யாருக்கு என்று பேச்சு நடந்தது.

கிளம்பும்போது, என் பெண் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நாத்தனார் சொன்னார்: “இதைப் பத்தரமாப் பாத்துக்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைக்கு ஆவாது. அப்பறம் என்னையச் சொல்லாத.” பஸ் போய்விடும் என்று வேகமாக இறங்கிப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். என் பெண் கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, குஞ்சு செத்துப்போச்சுன்னா நானும் செத்துருவேனா?”

ஆறு வயசுப் பிள்ளை, காமாலையிலிருந்து அப்போதுதான் எழுந்தவள். வயிறு ரொம்பிய வாயால் ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அது கோழிக்குஞ்சு இல்லை.

மறுநாள் காலையில் குஞ்சு காய்ந்துவிட்டது. வைக்கோல் நிறம். தலையில் மட்டும் கொசு உட்கார்ந்தது போல ஒரு சாம்பல் புள்ளி. கருப்பாம்! தாய்க்கோழி அதைக் காலால் தள்ளியது, பிறகு தலையில் கொத்த ஆரம்பித்தது. நோஞ்சான் குஞ்சைக் கோழி வைத்துக்கொள்ளாது. எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்காரர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பனியன் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டேன். அப்போதெல்லாம் மத்தியானத்தில் கரண்ட் போய்விடும். அந்த நேரத்துக்குச் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். குஞ்சு நிற்கவில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கம் விரிந்து வயிறு தரையில் கிடந்தது. எச்சம் பின்னால் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்டது.

“ஏங்க, அந்த நூலைக் கொஞ்சம் தளத்திக் கட்டுனா என்ன?” என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அவுக்கக் கூடாதுன்னுதானே அக்கா சொன்னுச்சு.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் நினைக்கிறது கெடக்கட்டும். அக்கா கேட்டா என்ன சொல்றது?”

செவ்வாய்க்கிழமை நாத்தனாரின் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டுப் போகிற வழியில் தனியாக வந்தார். மருந்து கொண்டுவந்திருந்தார். என்ன மருந்து? விபூதி. அதைப் பாலில் கரைத்து, டீஸ்பூனால் குஞ்சின் அலகைப் பிளந்து ஊற்றினார்.

“கோழிக்குப் பால் குடுக்கலாமாண்ணே?”

“என்னம்மா இப்படிக் கேக்குற? கண்ணனே பால் குடிச்சு வளந்தவன்தானே!”

கண்ணனுக்கு அலகு கிடையாது என்று சொல்ல வாய் வந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். என் லட்சணம் அது. குஞ்சுக்குப் புரையேறி, மூக்கு வழியாகப் பால் வந்து, கழுத்து தொங்கிப்போயிற்று. அவர் கும்பிட்டுவிட்டு, “இனி கருப்பு பாத்துக்குவாரு” என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தலைகீழாகப் பிடித்து, துணியால் துடைத்து, உள்ளங்கைக்குள் வைத்து ஊதி ஊதி நான்தான் மூச்சு வரவைத்தேன்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் வீடு. அந்த வீட்டு அக்கா இருபது கோழி வளர்த்தார். அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னம்மா, உங்க வீட்டுல குஞ்சு கத்துற கத்து சரியில்லையே?” என்றார். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். பார்த்ததும் திட்ட ஆரம்பித்தார்.

“யாரு பால் ஊத்துனது? மனுசங்களா நீங்க? பேப்பரை வேற விரிச்சு வச்சிருக்க, வழுக்கிட்டுக் கால் அகலாம என்ன செய்யும்? சாக்கைப் போடு. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு விரக்கடை விட்டுத் துணிக்கீத்தால சேத்துக் கட்டு, மூணு நாள்ல நிமுந்துக்கும். பின்னாடி வெந்நித் துணி வச்சு ஊறவச்சுத் தொடை, பிச்சு எடுக்காத. கருப்பட்டித் தண்ணி ஒரு சொட்டு அலகு ஓரத்துல வையி, அதுவா இழுத்துக்கும்.” மூச்சு விட்டுவிட்டு, “ஆமா, கால்ல என்ன அது?” என்றார்.

“வேண்டுதல்க்கா.”

“வேண்டுதல் உங்களுக்கு. நூலு ஏம்மா அதுக்கு? காயக் காய இறுகும். இப்பவே வீங்கிருக்கு பாரு. அறுத்துப் போடலைன்னா கால் அழுகும், அப்பறம் குஞ்சும் போயிரும்.”

“நீங்களே அறுத்துடுங்கக்கா” என்று பெட்டியை நீட்டினேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். “நல்லாச் சொன்ன போ! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாய் வீட்டுக்காரி அறுத்துட்டான்னு உன் நாத்தனா தெருவையே கூட்டும். அல்லா உனக்கும்தானே கை குடுத்திருக்கான். நீ அறு.”

சொன்னதையெல்லாம் செய்தேன். சாக்கு விரித்தேன். துணிக்கீற்றால் காலைச் சேர்த்துக் கட்டினேன். என் பெண், அவள் அப்பா பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கழுவிக் கொண்டுவந்தாள். அதில் கருப்பட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு சொட்டு அலகின் ஓரத்தில் வைத்தால் குஞ்சு தலையை ஆட்டி விழுங்கும். அவளே வைப்பாள். “நான் குடிச்சுட்டேன், நீயும் குடி” என்று அதனிடம் பேசுவாள். காலையில் எழுந்ததும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். தான் இருக்கிறோமா என்று பெட்டியில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி இருக்கும் அது.

நூலை மட்டும் அறுக்கவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் பிளேடை எடுப்பேன், வைப்பேன். அறுத்தால் சாமி குற்றம், பெண்ணுக்கு ஆகாது. அறுக்காவிட்டால் குஞ்சு சாகும், பெண்ணுக்கு ஆகாது. இப்படி ஒரு கணக்கை எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் ஸ்ரீரங்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூலுக்குக் கீழே கால் கருநீலமாகி, விரல்கள் சுருண்டுவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் வெக்காளியம்மன் முன்னால் நின்று கேட்டேன். ஒரு பூ விழவில்லை. ஒரு பல்லி சொல்லவில்லை. அம்மன் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பிறகு நினைத்துப் பார்த்தால், கால் அழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறபோது அதற்கு மேல் அவள் என்ன சொல்லவேண்டும்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு என் பெண் ஸ்கூலிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அம்மா, அது காலை அதுவே கொத்திக்குதும்மா.”

போய்ப் பார்த்தேன். நூல் கட்டிய இடத்தைக் குஞ்சு தன் அலகாலேயே குத்திக்கொண்டிருந்தது. தன் காலையே தின்று தீர்த்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் ஷேவிங் பிளேடைச் சுடுதண்ணீரில் நனைத்து எடுத்தேன். நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. “கையை ஆட்டாம புடி” என்று என் பெண்ணிடம் குஞ்சைக் கொடுத்துவிட்டு, முனையால் நெம்பி நெம்பி அறுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குஞ்சு வீடே அதிர ஒரு கத்துக் கத்தியது. அதற்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து வைத்தேன்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“உனக்கு ஒண்ணும் ஆவாதுடி கண்ணு” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “ஆனா அத்தைகிட்ட மட்டும் சொல்லாத” என்று சேர்த்தேன். முதல் வார்த்தையில் கொடுத்த தைரியத்தை இரண்டாம் வார்த்தையில் நானே பிடுங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவள் ஒரு தும்மல் தும்மினாள். நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் “சும்மா இரும்மா” என்று அவளே எரிச்சல்பட்டாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குஞ்சுக்கு ஒரு விரல் நுனி காய்ந்து விழுந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நின்றது. அடுத்த வாரம் குருணை பொறுக்கியது. அதற்கு அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தபோது லேசாக நொண்டிக்கொண்டு கூடத்தில் ஓடியது.

நாத்தனார் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “நூல் எங்க?”

எங்கள் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தார். என் பெண் என்னைப் பார்த்தாள்.

“தானா அவுந்துடுச்சுங்க அண்ணி” என்றேன்.

அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. நாத்தனார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

“மூணு முடிச்சு போட்டேனே! தானா அவுந்துச்சா? எங்கப்பன் கருப்பு வந்து கைய வச்சிருக்காருடி!”

அவர் வீட்டுக்காரர் என்னிடம், “ராத்திரி குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டுச்சாம்மா?” என்றார்.

“இல்லீங்கண்ணே.”

“தூங்கிருப்ப.”

அப்போது எங்கள் வீட்டுக்காரர், கேட்காமலே, இலையிலிருந்து தலையைத் தூக்கி, “நாய் கொரைச்சுச்சு” என்றார். உறையூரில் நாய் குரைக்காத ராத்திரி எது? கட்டின நாளிலிருந்து எனக்காக ஒரு தடவைகூட வாய் திறக்காத மனுஷன், கருப்புக்குச் சாட்சி சொல்ல மட்டும் திறந்தார்.

ஐந்தாறு மாதம் போயிற்று. குஞ்சு நன்றாக வளர்ந்தது. கொண்டை மட்டும் வளரவில்லை. “வளரும், வளர வளரக் கறுக்கவும் செய்யும்” என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் அது தவிட்டுக் கூடையில் ஏறி உட்கார்ந்து முட்டை போட்டது. பெட்டைக்கோழி. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு விஷயத்தைச் சொன்னேன்.

“பெட்டையைக் கருப்பு ஏத்துக்க மாட்டாரே” என்று நாத்தனார் கன்னத்தில் கை வைத்தார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. “இதுக்கு என்ன? போற வழில மணப்பாறை சந்தையில ஒரு சேவலை வாங்கிக்குவோம்.”

“வீட்டுல பொரிச்சதா இருக்கணும்னாங்களே அண்ணி” என்றேன்.

“அதுவும் வீட்டுல பொரிச்சதுதாம்மா. எவன் வீட்டுலயோ!” என்று அவரே சிரித்தார்.

“மாத்தவே கூடாதுன்னு சொன்னீங்க. மாத்துனா புள்ளைக்கு ஆவாதுன்னீங்க.”

“அது குஞ்சா இருக்கறப்ப” என்றார் நாத்தனார். “வளந்தப்பறம் பரவால்ல.”

அந்த இரண்டு நாள் நான் பிளேடும் கையுமாக நடுங்கிச் செத்தேனே, அதெல்லாம் இவர்களுக்கு இவ்வளவுதான். கறி தட்டுக்கு வரவேண்டும் என்றால் எந்தச் சட்டமும் வளையும். சந்தையில் சிவப்புச் சேவல்தான் கிடைத்தது. வாலில் இரண்டு கறுப்பு இறகு இருந்தது, அது போதுமாம். அறுத்தார்கள், ஆக்கினார்கள், ஈரல் வழக்கம்போல நாத்தனாருக்குப் போயிற்று. எல்லாரும் சாப்பிடும்போது நான் மட்டும் கருப்பு முன்னால் போய் நின்றேன். “நூலை அறுத்தது நான். பொய் சொன்னது நான். இது நம்ம வீட்டுச் சேவலும் இல்லை. குத்தம்னா என்கிட்ட வச்சுக்க, என் பொண்ணை விட்டுடு” என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே உண்மை பேசியது நான் ஒருத்திதான் என்பது கருப்புக்குத் தெரியும்.

கதை அதோடு நின்றிருந்தால் நான் நோட்டு வாங்கியிருக்க மாட்டேன். நின்றதா? கல்யாண வீடு, காதுகுத்து, துக்கம் கேட்கப்போன இடம், எங்கே போனாலும் நாத்தனார் அதைச் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. கதைக்குள் குதிரை வந்துவிட்டது, சலங்கைச் சத்தம் வந்துவிட்டது, செத்துப்போன குஞ்சு எழுந்து நின்றது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் சேவித்துவிட்டு நாத்தனார் வீட்டுப் படியேறப் போனேன். கீழ் வீட்டு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானேம்மா உறையூர்? உங்காத்துக் கன்னுக்குட்டிக்குப் பெருமாளே வந்து கயித்தை அவுத்து விட்டாராமே! கேட்டதுலேருந்து எனக்கு மயிர்க்கூச்செறியறது. என்ன பாக்கியம் பண்ணியிருக்கணும்!”

மேலே பார்த்தேன். மாடிப்படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். சைவ வீட்டில் சேவல் அறுத்த கதையைச் சொல்ல முடியுமா? குஞ்சு கன்றுக்குட்டியாகிவிட்டது, கருப்பு பெருமாளாகிவிட்டார். நாத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

“ஆமாங்க மாமி” என்றேன்.

கேவலம் என்று அவரைச் சொல்லிக்கொண்டு வந்தேனே, அந்தப் படிக்கட்டில் நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்?

என் பெண்ணுக்குப் போன வருஷம் கல்யாணமாயிற்று. ஜீயபுரத்தில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போயிருந்தோம். பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தபோது அவளே அந்தக் கதையை எடுத்தாள். “எனக்கு அப்ப ஆறு வயசு. நான் கண்ணால பாத்தேன். குஞ்சு என் கையிலதான் இருந்துச்சு. மூணு முடிச்சும் ஒண்ணு ஒண்ணாத் தானா அவுந்துச்சு. எங்கம்மா பக்கத்துல நின்னு கும்பிட்டாங்க.” பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே அப்படிப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாரும் போன பிறகு கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு கூடையைக் காட்டினாள். அடைக்கோழி படுத்திருந்தது. பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று கருப்புக்கு வேண்டிக்கொண்டாளாம். குஞ்சு பொரித்ததும் நூல் கட்ட அத்தை வருகிறாராம். அவள் முகம் அந்த ஆறு வயசு முகமாக இருந்தது.

“அம்மா, இந்தக் குஞ்சுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் புள்ளைக்கு...”

“அடியே, அந்த நூலு தானா அவுரலைடி. நான்தான் அறுத்தேன். உங்கப்பா பிளேடால. நீதான் புடிச்சிருந்த.”

அவள் சிரித்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு வயசாகி மறந்துபோச்சும்மா. அத்தை அப்பவே சொல்லுச்சு, உனக்குக் கருப்பு மேல அவ்வளவா நம்பிக்கை கெடையாதுன்னு” என்றாள்.

இருபது வருஷம் ஒரு பொய்யை ஊட்டி வளர்த்துவிட்டு ஒரு மத்தியானத்தில் உண்மையைச் சொன்னால் பெற்ற பெண்ணே நம்ப மாட்டாள். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். அவளுக்குக் கிடைக்க வேண்டியதில்லை. வாயால் சொன்னதைத் தள்ளிவிட்டாள். கறுப்பு மையில், அம்மா கையெழுத்தில் இருந்தால் நின்று படிப்பாளோ என்னவோ. அதனால் மூன்றாவது நோட்டு வாங்கினேன். நாளைக்கே ஜீயபுரம் போய் இதை அவள் கையில் கொடுக்கப்போகிறேன்.

வேறு யார் கைக்காவது இது வந்து சேர்ந்தால் தாராளமாக மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நடுவில் குதிரையை ஏற்ற வேண்டாம், கன்றுக்குட்டியைக் கொண்டுவர வேண்டாம். பாய் வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் நாய் குரைத்தது என்று சொன்னதை மறைக்க வேண்டாம். நான் சொன்ன இரண்டு பொய்யையும் எடுத்துவிட்டு என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். எங்கேயாவது ஒரு பிள்ளைத்தாய்ச்சி, ஒரு குஞ்சின் உயிரில் தன் பிள்ளையின் உயிர் இருக்கிறது என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், அவளுக்கு இதை ஒரு எழுத்து மாற்றாமல் படித்துக் காட்டுங்கள்.